மெரோபெனமுக்குக் கேட்காத கிளெப்சியெல்லா: சிறுநீர் மாதிரி முதல் ஆண்டறிக்கை வரை ஓர் ஆய்வக வழிகாட்டி

2010 ஆகஸ்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, மெரோபெனம் போன்ற கார்பாபெனம் வகை ஆன்டிபயாட்டிக்குகளை உடைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமக்கும் கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற இடங்களில் 73 என்று கணக்கிட்டுக் காட்டியது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மரபணுவின் பெயர்தான் தலைப்புச் செய்தியானது. ஆனால் எந்தக் கிருமியை மரபணுச் சோதனைக்கு எடுப்பது என்ற தேர்வு எப்போதும் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கல்ச்சர் பிளேட்டில் கார்பாபெனம் தோய்ந்த சிறு காகித டிஸ்க்கைச் சுற்றி எத்தனை மி.மீ. சோன், அதாவது கிருமி வளராத வட்டம், விழுந்தது என்பதே அந்தத் தேர்வு.

எம்.டி., எம்.எஸ்.சி. ஆய்வேட்டுக்காக ‘கார்பாபெனம் எதிர்ப்புள்ள கிளெப்சியெல்லா நிமோனியே’ (சிறுநீர், நுரையீரல் தொற்று தரும் ஒரு பாக்டீரியா) என்ற தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பிழை நுழைவது கிருமி வளரும் கூழான அகாரை ஊற்றும் இடத்தில், ஸ்வாப்பைப் பிழியும் இடத்தில், பழைய டிஸ்க்கில். அதனால் இந்த வழிகாட்டி அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கும், பி.சி.ஆரைச் சீக்கிரம் கடந்துபோகும்.

மாதிரி வாங்கும் முன்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதல் மாதிரிக்கு முன்பே பெற்றாக வேண்டும். பின்தேதியிட்டுப் பெற முடியாது. அடுத்த முடிவு, சோனைப் படிக்க எந்த விதிப்புத்தகம் என்பது. அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ., ஐரோப்பாவின் யூகாஸ்ட் இரண்டுமே நல்லவைதான். ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. செஃபோடாக்சிம் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எல்.எஸ்.ஐ. முறையில் அதில் 30 மைக்ரோகிராம் மருந்து. யூகாஸ்ட் முறையில் 5 மைக்ரோகிராம்தான். செஃப்டாசிடிம் 30-க்கு 10. பிபெராசிலின்-டாசோபாக்டம் 100/10-க்கு 30/6. ஒரு முறையின் டிஸ்க்கை வைத்து மற்ற முறையின் அட்டவணையில் படித்தால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. கடையில் ஆர்டர் கொடுக்கும்போது மருந்தின் பெயரோடு மைக்ரோகிராம் அளவையும் எழுதிக் கொடுங்கள். குப்பி வந்ததும் லேபிளைச் சரிபாருங்கள்.

எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் ஆய்வேட்டில் எழுத வேண்டும். 2010-க்கு முன்பு சி.எல்.எஸ்.ஐ. கணக்கில் மெரோபெனம் சோன் 16 மி.மீ. இருந்தாலே கிளெப்சியெல்லா சென்சிட்டிவ், அதாவது மருந்துக்குக் கட்டுப்படும். அந்த ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 23 மி.மீ. வேண்டும்; 20 முதல் 22 வரை இடைநிலை, 19-ம் அதற்குக் கீழும் ரெசிஸ்டன்ட். ஒரே கிருமி, ஒரே 18 மி.மீ. சோன்; பழைய புத்தகத்தில் சென்சிட்டிவ், புதியதில் ரெசிஸ்டன்ட். ஆகவே பதிவேட்டில் எஸ், ஐ, ஆர் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். மில்லிமீட்டரை எழுதுங்கள். நாளை அட்டவணை மாறினாலும் மில்லிமீட்டர் மாறாது. பழைய தரவை மறுபடி படித்துக்கொள்ளலாம்.

மாதிரியும் அடையாளமும்

நடுவில் பிடித்த சிறுநீர் 2 மணி நேரத்துக்குள் பிளேட்டுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில். அறை வெப்பத்தில் நமது ஊர் மதியத்தில் கிடந்த சிறுநீரில் சில ஆயிரம் கிருமிகள் சில மணி நேரத்தில் லட்சத்தைத் தொட்டுவிடும். 1 மைக்ரோலிட்டர் லூப்பால் சி.எல்.இ.டி. அல்லது மெக்கான்கி அகாரில் இழுத்தால், ஒரு காலனிக்கு மி.லி.க்கு 1,000 கிருமி என்று கணக்கு. 100 காலனி என்றால் 1 லட்சம்.

கிளெப்சியெல்லா மெக்கான்கியில் இளஞ்சிவப்பாக, சளி போல வழுவழுப்பாக எழும்பி நிற்கும். அடையாளச் சோதனைகளில் இண்டோல் இல்லை, சிட்ரேட் உண்டு, யூரியேஸ் மெதுவாக வரும், அசைவு இல்லை. இண்டோல் வந்தால் அது கிளெப்சியெல்லா ஆக்சிடோகா. அசைவு இருந்தால் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸைச் சந்தேகியுங்கள். ஒரு எளிய காவல் சோதனையும் இருக்கிறது. கிளெப்சியெல்லா நிமோனியேவுக்கு ஆம்பிசிலின் எதிர்ப்பு பிறவியிலேயே உண்டு. பிளேட்டில் ஆம்பிசிலின் சென்சிட்டிவ் என்று வந்தால் அடையாளம் தவறு, அல்லது வேறு கிருமி கலந்திருக்கிறது. அந்த ஐசொலேட்டை (மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை) ஆய்வில் சேர்க்கும் முன் மீண்டும் முதலிலிருந்து வாருங்கள்.

சென்சிட்டிவிட்டி (எந்த மருந்து கேட்கும் என்ற டிஸ்க் சோதனை) போடுவதற்கு மெக்கான்கி காலனியை நேரே எடுக்கக் கூடாது. நியூட்ரியன்ட் அகார் அல்லது இரத்த அகாருக்கு மாற்றி, மறுநாள் வரும் புதிய, தனித்தனிக் காலனிகளை எடுங்கள். இந்த ஒரு நாளை மிச்சப்படுத்தப் பார்த்தால், கலப்புக் கிருமியின் சோனைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

பிளேட் ஊற்றுவது

மியூலர்-ஹிண்டன் அகார் 1941-ல் ஹார்வர்டில் ஜான் ஹோவர்ட் மியூலரும் ஜேன் ஹிண்டனும் வேறு ஒரு கிருமிக் குடும்பத்துக்காக உருவாக்கியது. பின்னர் 1966-ல் சியாட்டிலில் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகியோர் டிஸ்க் முறையை ஒழுங்குபடுத்தியபோது இதையே அடித்தளமாக எடுத்தார்கள்.

பெரும்பாலான தயாரிப்புகளில் 1 லிட்டர் நீருக்கு 38 கிராம் தூள். கொதிக்க வைத்து முழுதும் கரைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். வெளியே எடுத்ததும் ஊற்றாமல் 45 முதல் 50 டிகிரிக்கு ஆற விடுங்கள். சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்து, மறுநாள் மேற்பரப்பில் சொட்டும். அறை வெப்பத்தில் பி.எச். 7.2 முதல் 7.4. இதில் சற்று விலகினாலும் சில மருந்துகள் உடனே காட்டிக்கொடுக்கும். பி.எச். குறைந்தால் ஜென்டாமைசின், அமிகாசின் சோன்கள் சுருங்கும், டெட்ராசைக்ளின் சோன் விரியும். கூடினால் நேர்மாறு.

ஆழம் 4 மி.மீ. உட்புற விட்டம் 90 மி.மீ. உள்ள பிளேட்டுக்கு 25 மி.லி. ஊற்றினால் இது கிடைக்கும். எல்லாக் கம்பெனி பிளேட்டும் 90 மி.மீ. இல்லை, சில 86, சில 100. உங்கள் பிளேட்டின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்து கணக்கிடுங்கள். கையளவாக, கண்மதிப்பாக ஊற்றும் பழக்கத்தில் ஒரே நாளில் ஊற்றிய பிளேட்டுகளில்கூட 3 மி.மீ.யும் 5 மி.மீ.யும் வரும். மெல்லிய அகாரில் மருந்து பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவி சோன் பெரிதாகும். ரெசிஸ்டன்ட் கிருமி சென்சிட்டிவாகத் தெரியும். தடித்த அகாரில் மருந்து கீழே இறங்கிக் கரைந்துபோய் சோன் சிறுக்கும். ஊற்றும் மேசை சமமாக இருக்கிறதா என்று ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஒரு பேட்சுக்கு ஒரு பிளேட்டைப் பலி கொடுத்து, நடுவிலும் ஓரத்திலும் அகாரைக் கத்தியால் வெட்டி நிறுத்தி அளந்து, எண்ணைப் பேட்ச் பதிவேட்டில் எழுதுங்கள்.

பயன்படுத்தும் முன் மேற்பரப்பில் ஈரத்துளி இருக்கக் கூடாது. மூடியைச் சற்றுத் திறந்து 35 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம் உலர்த்தினால் போதும். அதிகம் உலர்த்தி விளிம்பு சுருண்ட பிளேட்டைத் தூக்கி எறியுங்கள். சேமிப்பு 2 முதல் 8 டிகிரியில். பையில் காற்றுப் புகாமல் கட்டாத பிளேட்டுக்கு ஒரு வாரம்தான் ஆயுள்.

கலங்கலும் விரிப்பும்

கிருமியின் அளவை நிர்ணயிப்பது 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல். ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த அளவுக் கலங்கலை ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம். 1.175% பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைசலில் 0.5 மி.லி.; 1% கந்தக அமிலத்தில் 99.5 மி.லி.; கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை வாசிக்க வேண்டும். கிருமிக் கலங்கலுக்குப் பயன்படுத்தும் அதே அளவுக் குழாய்களில் 4 முதல் 6 மி.லி. ஊற்றி இறுக மூடி இருட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை மறுபடி வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பிடும் முன் நன்றாகக் குலுக்குங்கள். பேரியம் சல்பேட் அடியில் படிந்து கிடக்கும் குழாயோடு ஒப்பிட்டால், மிக நீர்த்த கலங்கல்கூடச் சரியாகத் தோன்றும்.

ஒரே தோற்றமுள்ள 3 முதல் 5 காலனிகளைத் தொட்டு ஸ்டெரைல் சலைனில் கரையுங்கள். சளிக் கிளெப்சியெல்லா நூலாக இழுபட்டுத் திரளும். வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்கி, கட்டி அடியில் இறங்க ஒரு நிமிடம் விட்டு, மேல் திரவத்தைத்தான் ஒப்பிட வேண்டும். வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகள் வரைந்து, இரண்டு குழாய்களையும் முன்னால் பிடித்தால் கோடுகள் ஒரே அளவில் மங்க வேண்டும். இதில் மி.லி.க்குச் சுமார் 10 முதல் 20 கோடி கிருமிகள். டென்சிடோமீட்டர் இருந்தால் அதையே நம்புங்கள். கண் மாலையில் ஏமாறும்.

கலங்கல் தயாரானதும் 15 நிமிடம்தான். ஸ்டெரைல் பஞ்சு ஸ்வாப்பை முக்கி, திரவ மட்டத்துக்கு மேலே குழாயின் உட்சுவரில் அழுத்திச் சுழற்றுங்கள். சுவரில் வழியும் துளி நின்றால்தான் ஸ்வாப் சரியான ஈரம். இதைச் செய்யாமல் சொட்டச் சொட்ட இழுத்தால் கிருமி அளவு கூடி சோன் சுருங்கும். இந்தத் தவறு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் பிளேட்டும் அழகாகவே இருக்கும். பிளேட் முழுவதும் இடைவெளியில்லாமல் இழுத்து, 60 டிகிரி திருப்பி இரண்டாம் முறை, மறுபடி திருப்பி மூன்றாம் முறை, கடைசியாக விளிம்பைச் சுற்றி ஒரு இழுப்பு. வளர்ச்சி அடர்ந்த ஒரே விரிப்பாக வர வேண்டும். தனித்தனிக் காலனிகள் தெரிந்தால் கலங்கல் நீர்த்துப்போனது. அந்த பிளேட்டை அளக்காதீர்கள், மறுபடி போடுங்கள்.

மூடியைச் சற்றுத் திறந்து 3 முதல் 5 நிமிடம் ஈரம் இழுக்க விட்டு டிஸ்க் வையுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. 90 அல்லது 100 மி.மீ. பிளேட்டில் 5 டிஸ்க்குக்கு மேல் வேண்டாம். மையத்துக்கு மையம் குறைந்தது 24 மி.மீ. ஃபோர்செப்ஸால் லேசாக அழுத்துங்கள். அகாரைத் தொட்ட டிஸ்க்கை நகர்த்தவே கூடாது. தொட்ட நொடியிலேயே மருந்து இறங்கத் தொடங்கிவிடும்; நகர்த்தினால் சோன் முட்டை வடிவமாகும். அடுத்த 15 நிமிடத்துக்குள் பிளேட்டைக் கவிழ்த்து 35 டிகிரி இன்குபேட்டரில், சாதாரணக் காற்றில், 16 முதல் 18 மணி நேரம். ஐந்துக்கு மேல் அடுக்கினால் நடு பிளேட் சூடாகத் தாமதமாகும்.

டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. பீட்டா-லாக்டம் (பென்சிலின், கார்பாபெனம் போன்றவற்றின் குடும்பம்) டிஸ்க்குகள், குறிப்பாக இமிபெனமும் கிளாவுலனேட் கலந்தவையும், ஈரத்தில் சீக்கிரம் செத்துப்போகும். இருப்பு உறைநிலையில், அன்றாட குப்பி சிலிகா ஜெல்லோடு ஃபிரிட்ஜில். வெளியே எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வர 1 முதல் 2 மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால், சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் டிஸ்க்கில் பனித்துளியாக இறங்கும்.

அளப்பது

பிளேட்டை மூடியோடு கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில், மேலிருந்து விழும் ஒளியில், அகாரின் பின்புறமாக அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். டிஸ்க்கின் 6 மி.மீ.யும் அளவில் சேரும். சோனே இல்லை என்றால் 6 என்று எழுதுங்கள், 0 என்று அல்ல. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் வளர்ச்சியின் விளிம்பு வரைதான் கணக்கு, லென்ஸ் வேண்டாம். கோ-டிரைமாக்சசோலுக்கு மட்டும் உள்ளே மெல்லிய படலம் இருந்தால் அதை விட்டுவிட்டு, 80% குறைந்த இடத்தை விளிம்பாகக் கொள்ளலாம்.

தெளிவான சோனுக்குள் ஒன்றிரண்டு காலனி நின்றால் அதைச் சுரண்டித் தள்ளாதீர்கள். கார்பாபெனம் ஆய்வில் அது மிக முக்கியமான செய்தியாக இருக்கலாம். அந்தக் காலனியை எடுத்துத் தூய்மையாக்கி, அடையாளம் பார்த்து, மறுபடி போடுங்கள். வேறு கிருமி என்றால் கலப்பு. அதே கிருமி மறுபடியும் உள்ளே வளர்ந்தால், காலனி இல்லாத உள்வட்டத்தை அளந்து எழுத வேண்டும்.

எந்த அளவில் சந்தேகப்படுவது? மெரோபெனம் 22 மி.மீ.யும் அதற்குக் கீழும் சி.எல்.எஸ்.ஐ. கணக்கில் சென்சிட்டிவ் அல்ல. ஆனால் நம் நாட்டில் என்.டி.எம்.மோடு ஆக்சா-48 என்ற நொதி வகையும் பரவலாக இருக்கிறது. ஆக்சா-48 தனியாக இருக்கும்போது கார்பாபெனத்தை மெதுவாகத்தான் உடைக்கும். சோன் 24, 25 என்று சென்சிட்டிவ் பக்கம் நிற்கக்கூடும். அதனால்தான் யூகாஸ்ட் மெரோபெனம் 28 மி.மீ.க்குக் குறைந்தாலே நொதி இருக்கிறதா என்று தேடச் சொல்கிறது. ஆய்வுக்கு இந்த அகன்ற வலையை விரிப்பதே நல்லது. எர்டாபெனம் டிஸ்க்கையும் சேர்த்து வையுங்கள், ஆரம்ப எதிர்ப்பை அதுதான் முதலில் காட்டும்.

கட்டுப்பாட்டு ஸ்ட்ரெயின்

சோன் அளவு முன்பே தெரிந்த கிருமியான ஈ. கோலி ஏ.டி.சி.சி. 25922 இல்லாமல் ஒரு சோனையும் நம்ப வேண்டாம். இதற்கு ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் டிஸ்க் 19 முதல் 26 மி.மீ., செஃப்ட்ரியாக்சோன் 30 மைக்ரோகிராம் 29 முதல் 35 மி.மீ. தர வேண்டும். பீட்டா-லாக்டமேஸ் தடுப்பான் கலந்த டிஸ்க்குகளுக்கு ஈ. கோலி 35218, அல்லது கிளெப்சியெல்லா 700603 தனியாக வேண்டும். 25922-ல் பீட்டா-லாக்டமேஸ் நொதியே இல்லை, கிளாவுலனேட் செத்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

எண் வரம்பை மீறினால் எங்கே தேடுவது என்பதற்கு ஒரு வழி உண்டு. எல்லா மருந்தும் ஒரே பக்கம் விலகினால் அகார் ஆழம் அல்லது கலங்கல். அமினோகிளைகோசைடு (ஜென்டாமைசின், அமிகாசின் வகை) மட்டும் விலகினால் பி.எச்., அல்லது கால்சியம், மக்னீசியம் அளவு. சூடோமோனாஸ் 27853-ஐப் போட்டால் உப்பு விஷயம் தெளிவாகும். ஒரே ஒரு மருந்து சுருங்கினால் அந்தக் குப்பி. அன்றைய நோயாளி முடிவுகளை வெளியிடாமல் நிறுத்தி வைத்துத்தான் இந்தத் தேடல்.

நொதி இருக்கிறதா: எம்.சி.ஐ.எம்.

மெரோபெனம் கேட்காமல் போக இரண்டு வழிகள். கிருமி மருந்தை உடைக்கும் நொதி வைத்திருக்கலாம். அல்லது வெளிச்சுவரின் துளைகளை அடைத்துக்கொண்டு, உள்ளே வரும் சிறிதளவு மருந்தை ஈ.எஸ்.பி.எல்., ஆம்ப்சி நொதிகளால் சமாளிக்கலாம். முதல் வகையின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிடில் (கிருமிக்குக் கிருமி தாவும் டி.என்.ஏ. வளையத்தில்) ஏறி, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நோயாளிக்குப் போகும். ஆகவே இதைப் பிரித்தறிவது வெறும் ஆய்வு ஆர்வம் அல்ல. இதற்குச் செலவு குறைந்த முறை, கிருமி மெரோபெனத்தை உடைக்கிறதா என்று பார்க்கும் எம்.சி.ஐ.எம்.

1. 2 மி.லி. டிரிப்டிக் சோயா பிராத்தில் (திரவ வளர்ப்பு ஊடகத்தில்) 1 மைக்ரோலிட்டர் லூப் நிறையக் கிளெப்சியெல்லா. சூடோமோனாஸ் என்றால் 10 மைக்ரோலிட்டர் லூப். 10 முதல் 15 விநாடி வோர்டெக்ஸ்.

2. இரண்டாவது குழாயில் அதே 2 மி.லி. பிராத்தோடு 0.5 மோலார் இ.டி.டி.ஏ. 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, அதே போலக் கிருமி. இது இ.சி.ஐ.எம்.

3. இரண்டிலும் 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கை முழுக்க மூழ்க விடுங்கள். 35 டிகிரியில் 4 மணி நேரம். 15 நிமிடம் முன்பின் போகலாம், அதற்கு மேல் கூடாது.

4. நேரம் முடியும் தறுவாயில் ஈ. கோலி 25922-ன் 0.5 மெக்ஃபார்லண்ட் விரிப்பைப் புதிதாகத் தயாரியுங்கள்.

5. 10 மைக்ரோலிட்டர் லூப்பால் டிஸ்க்கை எடுத்து, குழாயின் விளிம்பில் வைத்து இழுத்து நீரை வடித்து, விரிப்பின் மேல் வையுங்கள். 18 முதல் 24 மணி நேரம்.

நொதி மெரோபெனத்தைத் தின்று தீர்த்திருந்தால் டிஸ்க்கில் மருந்து இருக்காது, ஈ. கோலி டிஸ்க் வரை வளர்ந்துவிடும். சோன் 6 முதல் 15 மி.மீ., அல்லது 16 முதல் 18-க்குள் குட்டிக் காலனிகள்: பாசிட்டிவ். 19-ம் அதற்கு மேலும் தெளிவாக இருந்தால் நெகட்டிவ். இடையில் காலனியில்லாத 16 முதல் 18: முடிவில்லை, மறுபடி செய்க. எம்.சி.ஐ.எம். பாசிட்டிவ் என்றால் மட்டும் இரண்டாவது டிஸ்க்கைப் பாருங்கள். அது முதலதைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் துத்தநாகத்தை நம்பியிருக்கும் மெட்டல்லோ வகை, அதாவது என்.டி.எம். போன்றது, இ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் பிடுங்கியதால் நொதி செயலற்றுப் போயிருக்கிறது. 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் துத்தநாகம் தேவைப்படாத கே.பி.சி., ஆக்சா-48 நொதிகளின் பக்கம்.

தவறும் இடங்களில் முதலாவது, டிஸ்க்கைச் சரியாக வடிக்காமல் வைப்பது. வழியும் பிராத் சோதனைக் கிருமியையே விரிப்பில் ஊற்றிவிடும்; டிஸ்க்கைச் சுற்றி வளர்ந்தது ஈ. கோலியா, கிளெப்சியெல்லாவா என்று தெரியாது. இரண்டாவது, இ.டி.டி.ஏ. கரைசல். 100 மி.லி. நீருக்கு டைசோடியம் உப்பு 18.61 கிராம், பி.எச். 8-ஐ நெருங்கும் வரை அது கரையவே கரையாது. கரையவில்லையே என்று சூடாக்கிக்கொண்டிருக்காமல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மூன்றாவது நம் ஊருக்கே உரிய சிக்கல். ஒரே கிருமி என்.டி.எம்., ஆக்சா-48 இரண்டையும் சுமந்தால், இ.டி.டி.ஏ. முதலதை மட்டும் முடக்கும். மற்றது மெரோபெனத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். 5 மி.மீ. வித்தியாசம் வராமல், என்.டி.எம். இல்லை என்று தவறாக எழுதிவிடுவோம். இப்படி எழுதப்பட்ட ஐசொலேட்டுகளைக் கட்டாயம் பி.சி.ஆருக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏ.டி.சி.சி. பி.ஏ.ஏ.-1705 கே.பி.சி. பாசிட்டிவாக, பி.ஏ.ஏ.-1706 நெகட்டிவாக, பி.ஏ.ஏ.-2146 என்.டி.எம். பாசிட்டிவாக நிற்க வேண்டும்.

பி.சி.ஆர்.

சில காலனிகளை 200 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, 95 டிகிரியில் 10 நிமிடம் வேகவைத்து, சுழற்றி, மேல் திரவத்தை எடுத்தால் போதும், கிட் தேவையில்லை. பொய்ரெல் குழுவினர் 2011-ல் வெளியிட்ட மல்டிபிளெக்ஸ் பிரைமர்களில் என்.டி.எம். 621, ஆக்சா-48 438, கே.பி.சி. 798, விம் 390, இம்ப் 232 பேஸ் ஜோடி நீளத்தில் கோடு தரும். நீர் மட்டும் உள்ள குழாயில் கோடு வந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பைக்கு. எம்.சி.ஐ.எம். பாசிட்டிவாக இருந்து ஐந்து மரபணுவும் இல்லை என்றால் பி.சி.ஆரை நம்பி முடிவை மாற்றாதீர்கள். பட்டியலில் இல்லாத மரபணு இருக்கலாம்.

கொலிஸ்டின்: டிஸ்க் போடவே கூடாத மருந்து

கார்பாபெனம் போன பிறகு மருத்துவர் கேட்பது கொலிஸ்டினை. பெரிய, நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறு, அகாரில் ஊராது. எதிர்ப்புள்ள கிருமிக்கும் இல்லாத கிருமிக்கும் சோன் ஒன்றிரண்டு மி.மீ.தான் வித்தியாசப்படும். ஸ்ட்ரிப் முறையும் இதே குறையுடையது. பிராத் மைக்ரோடைலியூஷன் (மருந்தைத் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) செய்ய வசதி இல்லாத இடத்தில் டிஸ்க் எலூஷன் செய்யலாம். நான்கு கண்ணாடிக் குழாய்களில் தலா 10 மி.லி. கேட்டயன் (கால்சியம், மக்னீசியம்) சரிசெய்த மியூலர்-ஹிண்டன் பிராத். அவற்றில் முறையே 0, 1, 2, 4 கொலிஸ்டின் 10 மைக்ரோகிராம் டிஸ்க்குகள், அதாவது மி.லி.க்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம். மருந்து வெளியேற அறை வெப்பத்தில் 30 நிமிடம். பிறகு 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலில் 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொன்றிலும், மி.லி.க்கு 7.5 லட்சம் கிருமி ஆகும். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். வளர்ச்சி தெரியாத முதல் குழாயின் அளவே எம்.ஐ.சி. (கிருமியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு). 4 அல்லது அதற்கு மேல் ரெசிஸ்டன்ட். 2-ம் அதற்குக் கீழும் சி.எல்.எஸ்.ஐ. 2020 முதல் இடைநிலை என்றே எழுதச் சொல்கிறது. சென்சிட்டிவ் என்ற பிரிவே கிடையாது. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கொலிஸ்டின் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எம்.ஐ.சி. பொய்யாக உயரும். தூளாக வாங்குவதென்றால் கொலிஸ்டின் சல்பேட். ஊசி மருந்தான மீத்தேன்சல்ஃபோனேட் உடலுக்குள் மாறிய பின்பே வேலை செய்யும், குழாயில் உதவாது.

சேமிப்பதும் எண்ணுவதும்

ஒவ்வொரு ஐசொலேட்டையும் 15 முதல் 20% கிளிசரால் பிராத்தில் இரண்டு குப்பிகளாக, முடிந்தால் வெவ்வேறு ஃபிரீசர்களில், மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். விமர்சகர் மறுபடி ஒன்றைச் செய்து காட்டச் சொல்லும்போது உங்களிடம் கிருமி இருக்க வேண்டும். குப்பியில் நோயாளியின் பெயர் கூடாது. ஆய்வு எண் மட்டும்.

சதவீதம் போடும் இடத்தில்தான் நல்ல ஆய்வுகளும் சறுக்குகின்றன. ஒரு நோயாளிக்கு ஒரு கிருமி, ஓராண்டில் முதல் ஐசொலேட் மட்டும். எடுத்துக்கொள்வோம்: 40 நோயாளிகள், 10 பேரின் கிருமி ரெசிஸ்டன்ட். 25%. அதில் ஐ.சி.யூ.வில் நீண்ட நாள் கிடக்கும் ஒருவரிடமிருந்து மேலும் 6 முறை மாதிரி வந்து, ஆறும் ரெசிஸ்டன்ட். எல்லாவற்றையும் எண்ணினால் 46-ல் 16, ஏறக்குறைய 35%. ஊரில் எதுவும் மாறவில்லை; ஒரே மனிதர் ஏழு முறை எண்ணப்பட்டிருக்கிறார். கட்டணமில்லாமல் கிடைக்கும் வூநெட் மென்பொருளில் இந்த ‘முதல் ஐசொலேட்’ வடிகட்டல் உண்டு. அதை இயக்கியே அறிக்கை எடுங்கள். மலக்குடல் ஸ்வாப் போன்ற கண்காணிப்பு மாதிரிகளை இதில் கலக்க வேண்டாம்.

30-க்குக் குறைந்த ஐசொலேட்டுக்குச் சதவீதம் எழுதாமல், எண்ணிக்கையாகவே கொடுங்கள். 40-ல் 10 என்பதற்குக்கூட 95% நம்பக இடைவெளி சுமார் 14 முதல் 40 வரை விரிகிறது. போன ஆண்டு 25, இந்த ஆண்டு 31 என்று இரண்டு எண்களை வைத்து, எதிர்ப்பு கூடிவிட்டது என்று எழுதும் முன் இந்த அகலத்தைப் பாருங்கள்.

பயன்படுத்திய பிளேட், பிராத், டிஸ்க் எல்லாம் ஆய்வகத்திலேயே ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் மஞ்சள் பைக்குப் போக வேண்டும். 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இதுதான். இ.சி.ஐ.எம். குழாயைச் சிங்க்கில் கொட்டிக் கழுவுவது என்பது, என்.டி.எம். பிளாஸ்மிடைச் சாக்கடைக் கிருமிகளிடம் நாமே கொண்டுபோய்க் கொடுப்பது.

வார்டுக்கு எப்போது சொல்வது

எம்.சி.ஐ.எம். பாசிட்டிவ் என்று படித்த அன்று காலையே. ஆய்வேடு முடியும் வரை அல்ல, பி.சி.ஆர். வரும் வரையும் அல்ல. நோயாளியைத் தனி அறைக்கோ, தனிப் பகுதிக்கோ மாற்றி, கையுறை, மேலங்கிக் கட்டுப்பாடு அன்றே தொடங்க வேண்டும். வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்துத் தேர்வு அதில்தான் நிற்கிறது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் கே.பி.சி.யிலும் ஆக்சா-48-லும் வேலை செய்யும், என்.டி.எம்.மில் செய்யாது, என்.டி.எம். என்றால் அதோடு அஸ்ட்ரியோனம் சேர்ப்பதை மருத்துவர் யோசிப்பார். தொலைபேசியில் சொன்னதை எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவர் பெயர், நேரம், சொன்ன வாசகம் மூன்றையும் பதிவேட்டில் அதே வரியில், மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.